முதலாளி எழுதித் தர வேண்டிய பதில்

கடைத்தெருவில் கண்ணாடிக் கதவுகளில் ஒட்டியிருக்கும் 'ஆட்கள் தேவை' தாளை நின்று படித்துப் பாருங்கள். 'விற்பனைப் பெண்கள் தேவை. வயது 18 முதல் 25 வரை. திருமணமாகாதவர்கள் மட்டும். உணவு, தங்குமிடம் இலவசம்.' ஒட்டியவருக்கு அதில் ஒரு கூச்சமும் கிடையாது. படிப்பவருக்கும் உறுத்துவதில்லை. கடை அவருடையது, யாரை வைத்துக்கொள்வது என்பது அவர் இஷ்டம் என்பது ஊர் ஒப்புக்கொண்ட நியாயம். இதே வாசகத்தை ஓர் அரசுத் துறை தன் வேலை அறிவிக்கையில் போட்டால், யாராவது ஒருவர் நீதிமன்றப் படியேறிய மாத்திரத்தில் அது அடிபட்டுப் போகும்.

வேலை தருபவருக்கு இந்தியச் சட்டம் விதிக்கும் கடமைகளைப் பேச வேண்டுமென்றால், இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 14, 15, 16 ஆகிய கூறுகள் சமத்துவத்தை உறுதி செய்கின்றன. ஆனால் வேலை விஷயத்தில் அவை கட்டுப்படுத்துவது அரசை. தனியார் முதலாளியை நேரடியாகத் தொடும் கூறுகள் சொற்பம். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் கூறு அவற்றில் முக்கியமானது. அதன் வழியே வந்த 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வேலையில் காட்டப்படும் தீண்டாமையைக் குற்றமாக்குகின்றன. ஆனால் குற்றவியல் சட்டம் அடிக்கும் அடி, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியவர் மீது விழும். நேர்முகத் தேர்வில் 'எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார்' என்று சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டு 'சொல்லி அனுப்புகிறோம்' என்பவர் மீது விழாது.

அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரிட்டன் தன் சட்டங்களையெல்லாம் திரட்டி 2010-இல் ஒரே சமத்துவச் சட்டமாக்கியது. இந்தியாவில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. 2006-இல் சச்சார் குழு சமவாய்ப்பு ஆணையம் ஒன்றைப் பரிந்துரைத்தது. 2017-இல் சசி தரூர் பாகுபாட்டு எதிர்ப்பு மசோதாவைத் தனிநபர் மசோதாவாக மக்களவையில் கொண்டுவந்தார். இரண்டும் சட்டமாகவில்லை. ஆகவே நம்மிடம் இருப்பது ஒட்டுப்போட்ட துணி: பெண்ணுக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிக்கு ஒன்று, எச்ஐவி உள்ளவருக்கு ஒன்று, திருநருக்கு ஒன்று. ஒவ்வொரு துண்டும் ஒரு காலத்தில் ஒரு போராட்டத்தில் தைக்கப்பட்டது. மதத்தின் பெயரால் தனியார் நிறுவனம் ஒருவரை ஒதுக்கினால் மூடுவதற்குத் துண்டே இல்லை.

'திருமணமாகாதவர்கள் மட்டும்' என்ற நிபந்தனை புதியதல்ல. பம்பாயில் ஒரு தனியார் மருந்து நிறுவனத்தின் ஒரு துறையில் பெண்கள் திருமணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும் என்று விதி இருந்தது. மணமானவர்கள் அதிகம் விடுப்பு எடுக்கிறார்கள் என்றது நிர்வாகம். பாம்பே லேபர் யூனியன் இதைத் தொழில் தகராறாகக் கொண்டுபோனது. அந்தக் காரணம் ஏற்கத்தக்கதல்ல என்று உச்ச நீதிமன்றம் 1965-இல் விதியை நீக்கியது. பிறகு 1981-இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கு வந்தது. முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை நீதிமன்றம் கடுமையாகச் சாடி நீக்கியது. ஆனால் வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்யக் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பில் அப்படியே விட்டுவைத்தது. நர்கேஷ் மீர்சா பெயரால் அறியப்படும் இந்தத் தீர்ப்பைப் பெருமையாக மேற்கோள் காட்டும் பலர் அந்தப் பாதியைச் சொல்வதில்லை. திருமணம் செய்ததற்காக 1988-இல் பணிநீக்கம் செய்யப்பட்ட ராணுவ செவிலியர் அதிகாரி ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 பிப்ரவரியில்.

அதே ஆண்டு ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் கோக்கும் பாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்றும், குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு ஆகியவை காரணமாகச் சொல்லப்படுகின்றன என்றும் அது கூறியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. அந்தச் செய்தியின் உண்மை எதுவாக இருந்தாலும், சட்டத்தில் இருந்த ஓட்டை அப்போது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் ஆள் எடுப்பதில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. ஆலையில் பெரும்பாலும் பெண்களே இருக்கும்போது, மணமாகாத பெண்ணை எடுத்து மணமான பெண்ணை விடுவது அந்தச் சட்டத்தின் சொற்களுக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். வரும் என்பது என் எண்ணம்; திருமணத்தை ஆணிடம் கேட்காமல் பெண்ணிடம் மட்டும் கேட்பது பாலினப் பாகுபாடு அல்லாமல் வேறென்ன? ஆனால் சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் 'பாலினத்தின் பெயரால்' என்பதோடு நிறுத்திக்கொண்டது.

முதலாளிகள் தரப்பில் ஒரு வாதம் இருக்கிறது; அதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருபவருக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. தருகிறது. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவருக்கு முழுச் செலவும் நிறுவனத்தின் தலையில். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆவது உடன்படிக்கை, மகப்பேற்றுப் பணப்பயனின் நேரடிச் செலவைத் தனி ஒரு முதலாளி மீது சுமத்தக் கூடாது என்பதைப் பொது நெறியாக வைத்திருக்கிறது. அப்படிச் சுமத்தினால் அவர் பெண்களை எடுக்கவே தயங்குவார் என்பது அதன் பின்னால் உள்ள பட்டறிவு. நாம் நேர் எதிராகச் செய்தோம். செலவை அவரிடம் தள்ளிவிட்டு, தயங்கக் கூடாது என்றும் சொல்கிறோம். தயங்குவது தவறுதான். ஆனால் அந்தத் தயக்கத்தைச் சட்டமே வளர்க்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாகுபாடு காட்டாதே என்பது பாதிக் கடமை. வேலை செய்ய ஏதுவாக இடத்தையும் நேரத்தையும் கருவியையும் மாற்றிக் கொடு என்பது மறுபாதி. இந்த இரண்டாவதில் தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலோ மதுரை மாசி வீதிகளிலோ பெரிய ஜவுளிக் கடையில் சேலை எடுத்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். வாடிக்கையாளர் உட்கார ஸ்டூல் இருக்கும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்காது. காலையில் வந்த பெண் சாப்பாட்டு நேரம் தவிர இரவு கடை அடைக்கும்வரை நின்றபடியே புடவைகளை விரிப்பார், மடிப்பார், அலமாரியில் ஏற்றுவார். வாடிக்கையாளர் இல்லாத பத்து நிமிடத்தில்கூடச் சுவரில் சாய்ந்தால் மேற்பார்வையாளர் பார்வை வந்து விழும். கால் வீக்கமும் முழங்காலுக்குக் கீழே புடைத்த நரம்புகளும் அந்தத் தொழிலின் அடையாளம்.

கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி தொடங்கிய பெண்கூட்டு இயக்கம் உட்காரும் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக, 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடு தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. எல்லாப் பணியாளருக்கும் பொருத்தமான இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கிடையே வாய்க்கும் நேரத்தில் அவர்கள் உட்கார முடிய வேண்டும். இந்தப் பிரிவின் நுட்பம் எனக்குப் பிடித்தது. கர்ப்பிணி என்று சொல்லி, மருத்துவச் சான்று காட்டி, கெஞ்சி ஒருவர் நாற்காலி வாங்க வேண்டியதில்லை. நாற்காலி முதலிலேயே எல்லாருக்கும் இருக்கும். யாரும் தனியே கேட்டு வாங்க வேண்டிய தேவை அங்கே பெருமளவு ஒழிந்துபோகிறது. கடைகளில் நாற்காலி வந்ததா என்றால், சில இடங்களில் வந்தது, அதில் துணிக் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன.

கேட்டுப் பெற வேண்டிய ஏற்பாடு என்பது மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில்தான் முழு உருவம் எடுக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் மத நம்பிக்கை தொடர்பாக வளர்ந்த 'நியாயமான ஏற்பாடு' என்ற கருத்து, 1973-இலும் 1990-இலும் வந்த அந்நாட்டுச் சட்டங்களால் உடற்குறைக்கு விரிந்து, 2006-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கைக்குள் வந்தது. இந்தியா 2007-இல் அதை ஏற்றது. ஆனால் நம் சட்டம் அதோடு ஒத்துப்போக இன்னும் ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகையாக இருந்த குறைபாடுகள் 21 ஆயின. அதைவிட முக்கியமானது விளக்கப் பிரிவில் ஒளிந்திருக்கும் ஒரு வரி: நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடுதான். அதாவது, 'நான் ஒன்றும் செய்யவில்லையே' என்பது இனி தற்காப்பு ஆகாது. ஒன்றும் செய்யாததே குற்றச்சாட்டு.

அரசு ஊழியருக்கு இந்தச் சட்டம் இரும்புக் கவசம். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது 20-ஆம் பிரிவு. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். இடமில்லை என்றால் கூடுதல் பணியிடத்தை உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். பழைய சட்டத்தின் 47-ஆம் பிரிவில் இருந்த இந்தப் பாதுகாப்புக்கு உயிர் கொடுத்தது 2003-இல் வந்த குணால் சிங் தீர்ப்பு. கால் இழந்த காவலருக்கு ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டோம் என்று அரசு சொன்னது. ஓய்வூதியம் வேலைக்கு மாற்றல்ல என்றது உச்ச நீதிமன்றம். அதன்பின் கண் பார்வையோ கையோ பாதிக்கப்பட்ட போக்குவரத்துக் கழக ஓட்டுநர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வரிசையாக வழக்குப் போட்டு மாற்றுப் பணி பெற்றார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்குப் போட வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை. தீர்ப்பு வந்தபின்னும் அடுத்த ஆளிடம் கழகம் அதே 'இயலாது' கடிதத்தைத்தான் நீட்டும். 2025 ஆகஸ்டில், நிறக்குருடு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட தெலங்கானா பேருந்து ஓட்டுநர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பழக்கத்தின் மீதே கை வைத்தது. நிறக்குருடு அந்த 21 வகைகளில் இல்லை. ஆனாலும் பழைய தொழிற்சங்க ஒப்பந்தம் ஒன்று மாற்றுப் பணிக்கு வழி சொல்லியிருந்தது. வேறு வேலை இருக்கிறதா என்று நிர்வாகம் தேடிப் பார்த்ததா? தேடாமலே இல்லை என்று சொல்ல முடியாது.

தனியாருக்கு வந்தால் கவசம் நூலாகிவிடுகிறது. 20-ஆம் பிரிவு 'அரசு நிறுவனம்' என்றுதான் பேசுகிறது. நான்கு சதவீத இடஒதுக்கீடு அரசுக்கு. தனியாருக்கு ஐந்து சதவீதம் என்பது ஊக்கத்தொகை காட்டி அழைக்கும் இலக்கு மட்டுமே. தனியாரைக் கட்டுவது 3-ஆம் பிரிவின் பொதுத் தடையும், 21-ஆம் பிரிவின் சமவாய்ப்புக் கொள்கையும்தான். 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் எந்த வேலைகள் பொருந்தும், என்ன வசதி உண்டு, தொடர்பு அலுவலர் யார் என்று விரிவாக எழுதி வெளியிட வேண்டும். பல நிறுவனங்களின் இணையதளத்தில் இது இருக்கும். வழக்கறிஞர் ஒருவர் எழுதிய மாதிரி, பெயர் மட்டும் மாறி. மீறினால் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஒரு நல்ல சுழல் நாற்காலியின் விலை அதைவிட அதிகம்.

எந்த ஏற்பாடு நியாயமானது, எது அளவு மீறிய சுமை? இங்கேதான் நிர்வாகங்கள் தேவையில்லாமல் பயப்படுகின்றன. வங்கிக் கிளையில் பார்வையற்ற எழுத்தர் ஒருவர் வேலை செய்வதை எடுத்துக்கொள்வோம். அவர் திரையைப் பார்ப்பதில்லை. திரை வாசிப்பான் சொல்வதைக் கேட்டு விசைப்பலகையில் ஓட்டுகிறார். என்விடிஏ என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம், தமிழும் பேசும். செலவு ஒரு ஹெட்போன். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. நிறுவனத்தின் உள் மென்பொருளில் படமாக வரைந்த பொத்தான்களுக்குப் பெயர் எழுதப்பட்டிருக்காது. திரை வாசிப்பான் 'பட்டன்... பட்டன்... பட்டன்' என்று மூன்று முறை சொல்லும். எது சேமிப்பது, எது அழிப்பது என்று தெரியாது. விடுப்பு விண்ணப்பத்தின் கடைசியில் கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்சா. ஹெட்போன் கொடுப்பது இவருக்கான தனி ஏற்பாடு. பொத்தானுக்குப் பெயர் வைப்பது எல்லாருக்குமான அணுகுவசதி. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. அணுகுவசதித் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்த விதியைச் செல்லாததாக்கி, கட்டாயத் தரம் வகுக்கச் சொன்னது. முதலாவது ஒருவர் கேட்டபின் பிறக்கும் கடமை. இரண்டாவது யாரும் கேட்கும் முன்பே இருக்க வேண்டியது.

ஏற்பாடு ஆளுக்கு ஆள் மாறும் என்பதைத் தெளிவாக்கியது 2021 பிப்ரவரியில் வந்த விகாஷ் குமார் தீர்ப்பு. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நோய் உள்ளவர், குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்டார். நாற்பது சதவீதக் குறைபாட்டுச் சான்று இல்லை என்று மறுத்தார்கள். அந்த நாற்பது இடஒதுக்கீட்டுக்கான அளவுகோல், ஏற்பாட்டுக்கானது அல்ல என்றது நீதிமன்றம். அதே ஆண்டு டிசம்பரில், மனநலப் பாதிப்பு உள்ள மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கையை அது ரத்து செய்தது. நடத்தைக்கான காரணங்களில் நோயும் ஒன்று என்றால் அந்த நடவடிக்கையே பாகுபாடாகலாம். இது தனியார் மனிதவளத் துறைகள் இன்னும் உள்வாங்காத தீர்ப்பு. மனஅழுத்தத்தில் இருப்பவரின் தாமத வருகையை 'செயல்திறன் குறைவு' என்ற பத்தியில் எழுதி, மூன்றாம் மாதம் ராஜினாமா வாங்கிவிடும் வழக்கம் தொடர்கிறது. பழைய தொழில் தகராறு சட்டமும் இதற்கு ஒத்தாசை செய்தது: தொடர் உடல்நலக் குறைவுக்காக ஒருவரை நீக்குவதை ஆட்குறைப்புக் கணக்கிலேயே அது சேர்க்கவில்லை.

திருநர் விஷயத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு எந்த நிறுவனமும் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. சொன்னதோடு சரி, மீறியவருக்கு என்ன என்பதில் அது மௌனமாக இருந்தது. 2025 அக்டோபரில், இரண்டு தனியார் பள்ளிகளில் வேலை மறுக்கப்பட்ட திருநங்கை ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டு, சமவாய்ப்புக் கொள்கை வகுக்க ஒரு குழுவையும் அமைத்தது.

இத்தனை சட்டங்களுக்கும் நடுவே, வேலை தருபவரை உண்மையில் அசைக்கக்கூடிய கருவி ஒரு சின்னக் கடிதம் என்பது என் கருத்து. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். அது தனியாரையும் கட்டுகிறது. எச்ஐவி உள்ள ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் முதலாளி இரண்டு தாள்களை அவர் கையில் கொடுக்க வேண்டும். ஒன்று, அவரால் தொற்று ஆபத்து உண்டு அல்லது வேலைக்குத் தகுதியில்லை என்று சுதந்திரமான மருத்துவ நிபுணர் எழுதிய மதிப்பீடு. இரண்டு, நியாயமான ஏற்பாடு செய்ய முடியாத அளவுக்குத் தனக்கு என்ன நிர்வாகச் சிரமம், எவ்வளவு பணச் சிரமம் என்று முதலாளியே எழுதிய அறிக்கை. 'முடியாது' என்று வாயால் சொல்வது சுலபம். ஏன் முடியாது, எவ்வளவு ஆகும் என்று கையெழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்தால்தான் அந்தத் தொகை எவ்வளவு சிறியது என்பது எழுதுபவருக்கே தெரியும்.

இதன் தம்பி ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் 2017 விதிகளில், மூன்றாவது விதியில் இருக்கிறது. பாகுபாடு என்று ஒருவர் புகார் தந்தால், நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். இல்லையேல் தான் செய்தது ஒரு நியாயமான நோக்கத்துக்கு எப்படி ஏற்ற வழி என்று புகார்தாரருக்கு எழுத்தில் விளக்க வேண்டும். ஏற்பாட்டின் செலவில் ஒரு பைசாகூட ஊழியரிடம் வாங்கக் கூடாது. புகார் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போனால் 60 நாளில் முடிக்க வேண்டும். ஆணையரால் பரிந்துரைக்கத்தான் முடியும் என்பது பெரிய குறைதான். ஆனால் அவர் முன்னால் போய் நிற்கும்போது கையில் நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான பதில் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. பதிலே தராத நிறுவனமும் அதனாலேயே மாட்டிக்கொள்கிறது. தொழிற்சங்கங்கள் போனஸ் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கின்றன. இந்த விதியைக் கையில் எடுத்த சங்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மனுவில் மூன்று வரி போதும்: எனக்கு உள்ள குறைபாடு இது, எனக்குத் தேவையான மாற்றம் இது, மறுத்தால் காரணத்தை விதி மூன்றின்படி எழுத்தில் தருக.

இந்த மனுவை யாரிடம் கொடுப்பது என்பதே தெரியாத ஒரு கூட்டம் இப்போது வளர்ந்திருக்கிறது. ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோகும் இளைஞருக்கு விபத்தில் முழங்கால் போனால், மாடிப்படி ஏற வேண்டாத ஆர்டர்களை மட்டும் கேட்டுப் பெற அவருக்கு உரிமை உண்டா? செயலியில் அதற்கு ஒரு பொத்தான் கிடையாது. ஆர்டரைத் தள்ளிவிட்டால் மதிப்பெண் குறையும். குறைந்தால் கணக்கு முடங்கும். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவரைச் செயலித் தொழிலாளி என்று பெயரிட்டு நலநிதிக்குள் சேர்த்திருக்கிறது; ஆனால் அந்த விளக்கமே அவரை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்துகிறது. நிறுவனமோ அவரைக் 'கூட்டாளி' என்கிறது. கூட்டாளிக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு பொருந்துமா என்பதை யாராவது ஒரு டெலிவரி ஊழியர் வழக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டும்.